துடியும் வேகமும்

“பையன் சூட்டிகை” என்று சொல்லித்தான் என்னைப் பனியன் கம்பெனியில் விட்டார்கள். 2001ஆம் வருஷக் கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயது. டெய்லருக்குப் பீஸ்களை மடித்து எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலை. ஒரு வாரத்துக்குள் காண்ட்ராக்டர் வேறொரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்: “கண்ணு, வேகம் பத்தலை.” இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம் திருப்பூரின் சரித்திரத்தில் ஒரு பகுதி என்று இப்போது எனக்குப் படுகிறது.

விரைவைக் குறிக்கும் நம் சொற்கள் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காரக் கூடியவை அல்ல. சுறுசுறுப்பு ஆளின் இயல்பு. மெஷினுக்கு வேகம் உண்டு, சுறுசுறுப்பு கிடையாது. சூட்டிகை புத்தியின் விரைவு. பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றியே அப்படிச் சொல்கிறோம். வளர்ந்தவனிடம் அதையே சாமர்த்தியம் என்னும்போது குரலில் லேசாகச் சந்தேகம் ஏறிவிடுகிறது. துரிதம் அரசாங்கக் காகிதத்தில் வாழ்கிறது. அவசரம் காரியத்துக்கு இருக்கலாம், மனிதனின் சுபாவமானால் அது குறை. எல்லாவற்றிலும் ஆழமானது துடி. நாடி துடிக்கிறது, பிள்ளை துடியாக இருக்கிறான், கேட்டதும் பலன் தருகிற சாமி துடியான சாமி. ஆங்கிலத்தின் ‘குவிக்’ என்ற சொல்லுக்கும் ஆதியில் ‘உயிருள்ள’ என்பதே பொருள். தொடர்பில்லாத இரு மொழிகள் விரைவை உயிரின் அடையாளமாகக் கண்டிருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும் பொருட்படுத்தத் தக்கது.

தொல்காப்பியர் உரியியலில் விரைவுக்குத் தரும் கதழ்வு, துனைவு இரண்டும் இன்று பேச்சில் இல்லை. ஆனால் வினையியலில் அவர் கவனித்த ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது. விரைவைச் சொல்ல வேண்டியபோது, நடக்காத செயலையும் நடந்துவிட்டதாகவே சொல்லலாம் என்கிறார். அவிநாசி ரோட்டில் நின்றுகொண்டு “இதோ வந்துட்டனுங்க” என்று பாங்குக்குப் போன் செய்கிறவர் பொய் சொல்லவில்லை, இலக்கணப்படி பேசுகிறார். அங்கே விரைகிறவனும் பேசுகிறவனும் ஒருவனே. தன் மனம் உடம்பை முந்திப் போய்விட்டதை அவன் அறிவிக்கிறான்.

கம்பெனியில் இறந்தகாலம் இடம் மாறியிருந்தது. பண்டிலைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் “முடிஞ்சுதா?” என்பார் காண்ட்ராக்டர். விரைவு அவருடையது, உடம்பு என்னுடையது. விரைவுக்காக ஒரு சொல்லை அடுக்கினால் மூன்று முறையோடு நிறுத்த வேண்டும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் வரம்பு கட்டியிருக்கிறார். காண்ட்ராக்டருக்கு அந்த வரம்பு தெரியாது.

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. திருப்பூர்ப் பின்னலாடையின் கதையை 1925ல் குலாம் காதர் தொடங்கிய ஆலையிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். பல பத்தாண்டுகள் உள்நாட்டுக்கான வெள்ளைப் பனியனே பிரதானம். 1978ல் இத்தாலிய வியாபாரி வெரோனா இங்கு வந்ததைப் பெரிய திருப்பமாகச் சொல்வார்கள். 1984ல் பஞ்சப்படிக்காக நடந்த வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. அடுத்த ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகப் பெருக, பீஸ்ரேட்டும் காண்ட்ராக்டும் பரவின. ஷிப்ட் கூலியில் சுறுசுறுப்பு ஒரு குணம். பீஸ்ரேட்டில் அது எண்ணிக்கை. எண்ணிக்கையானதும் அதற்கு வேகம் என்று பெயர் வந்துவிடுகிறது.

பின்னால் பாங்கில் சேர்ந்து ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்க ஆரம்பித்தபோதுதான் அந்தச் சொல் புறப்படும் இடம் தெரிந்தது. லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் சரக்கு ஏற்ற வேண்டிய கடைசித் தேதி என்று ஒரு வரி இருக்கும். தேதி தப்பினால் பணம் வருவது சந்தேகம். கப்பலை விட்டுவிட்டு விமானத்தில் அனுப்பினால் லாபம் போய்விடும். எங்கோ ஓர் ஊரில் ஒரு கடையின் சீசனுக்காகக் குறிக்கப்பட்ட அந்தத் தேதி ஏற்றுமதியாளர், ஜாப் ஒர்க் காண்ட்ராக்டர், டெய்லர் என்று படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் அவகாசம் குறைகிறது. கடைசிப் படியில் “வேகம் பத்தலை” என்று காதில் விழும்போது, கேட்கிற பையன் அதைத் தன் குறை என்றே நினைத்துக்கொள்கிறான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகவே இச்சொற்களை உபயோகிப்பதற்கு எனக்கு ஒரே விதிதான் உண்டு: விரைவு யாருடையது என்று முதலில் கேட்பது. தன் விரைவானால் துடி, சுறுசுறுப்பு எதுவும் பொருந்தும். பிறருடைய விரைவை ஒருவன் சுமக்கிறான் என்றால் அதற்கு அவசரம் என்ற சொல்லே போதும். அதைப் பாராட்டாக மாற்றிச் சொல்லக் கூடாது.

பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதற்கான தடையை 2016ல் எல்லாத் தொழில்களுக்கும் விரித்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். சொற்களைத் திருத்தச் சட்டம் கிடையாது. கவுண்டரில் பிள்ளையோடு வந்து நிற்கிறவர் யாராவது “பையன் ரொம்ப சூட்டிகைங்க” என்றால், இப்போதும் என்னையறியாமல் கேட்டுவிடுகிறேன்: “எத்தனாவது படிக்கிறானுங்க?”