பௌபஜார் தெரு, 210ஆம் எண்

பதிவு கொஞ்சம் நீளம். காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு போன். முன்பு நான் ஆறு வருடம் செயலாளராக இருந்த அறிவியல் ஆசிரியர் சங்கத்திலிருந்து. "சார், பொதுக்குழு மலர் போடுறோம். உங்க தலைமை அனுபவம், சங்கத்தோட எதிர்காலத் திட்டம் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார் இப்போதைய செயலாளர் தம்பி. சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்தும் பேனா நகரவில்லை. என் காலத்தில் மாதக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தால் அது பெரிய கூட்டம். பிள்ளைகளுக்குச் சோதனைக்கூடம் வைக்கப் பணம் திரட்டி, நான்கு நுண்ணோக்கி வாங்கினோம். இடம் அமையவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டியதோடு சரி. இதில் என்ன அனுபவத்தை எழுதுவது?

அப்போது நினைவுக்கு வந்தவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். சர் சி.வி. ராமனை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ராமன் ஆராய்ச்சி செய்த இடத்தை உண்டாக்கியவரைத் தெரியாது. நானே வகுப்பில் சொன்னதில்லை.

1833இல் வங்காளத்தில் ஹவுராப் பக்கம் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து மாமன்மார் வீட்டில் வளர்ந்தார். 1863இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம், அங்கே அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது ஆள். ஆங்கில மருத்துவர்கள் சங்கத்தில் நல்ல மரியாதை. 1867இல் அதே சங்கத்தின் மேடையில் ஹோமியோபதிக்கு ஆதரவாகப் பேசிவிட்டார். அவ்வளவுதான், சகாக்கள் ஒதுக்கி வைத்தார்கள், நோயாளிகள் வரத்தும் குறைந்தது. (ஹோமியோபதி சரியா தவறா என்று பின்னூட்டத்தில் சண்டை வேண்டாம்.) பிற்காலத்தில் ராமகிருஷ்ண பரமஹம்சருக்கு வைத்தியம் பார்த்தவரும் இவர்தான்.

1869இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியர்கள் அறிவியலைப் படித்தால் மட்டும் போதாது, தாமே ஆராய வேண்டும். அதற்கு நம்மவர் பணத்தில், நம்மவர் நிர்வாகத்தில் ஒரு நிறுவனம் வேண்டும் என்பது சாரம். பணம் திரட்ட ஏழு வருடம் ஆனது. நடுவில் ஒரு தகராறு. 'இந்தியன் லீக்' அமைப்பினர், "ஆராய்ச்சியெல்லாம் எதற்கு, பையன்கள் பிழைக்கத் தொழிற்பள்ளி வையுங்கள்" என்ற கட்சி. சர்க்கார் விட்டுக்கொடுக்கவில்லை. செயின்ட் சேவியர் கல்லூரியின் லாஃபோன் பாதிரியார் அவர் பக்கம் நின்றார். உண்மையைச் சொன்னால், நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் தொழிற்பள்ளிக்குத்தான் கை தூக்கியிருப்பேன். ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தே வாழ்நாள் கழிந்தவன் நான்.

1876 ஜூலை 29 அன்று இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. இடம் பௌபஜார் தெரு, 210ஆம் எண். சர்க்கார் 28 வருடம் செயலாளர். விஜயநகரம் மகாராஜா கொடுத்த நன்கொடையில் ஆய்வகம் எழும்பியது. லாஃபோன், ஜகதீஷ் சந்திர போஸ், அசுதோஷ் முகர்ஜி எல்லாம் அங்கே சொற்பொழிவு செய்தார்கள். ஆனால் சர்க்கார் ஆசைப்பட்டது வேறு: சம்பளம் கொடுத்து முழுநேர ஆராய்ச்சிப் பேராசிரியர்களை அமர்த்துவது. அதற்கு மட்டும் கடைசிவரை பணம் சேரவில்லை. கருவிகள் இருந்தன, ஆராய ஆள் இல்லை. கடைசிக் காலத்தில் மனம் கசந்தே பேசினார். 1904 பிப்ரவரியில் காலமானார். மகன் அம்ரித்லால் செயலாளர் பொறுப்பை ஏற்று, அந்தக் கதவை மூடாமல் வைத்திருந்தார். எனக்கு இந்த மனிதர் மேல்தான் தனி மதிப்பு.

1907இல் நிதித் துறை வேலைக்குக் கல்கத்தா வந்தார் ராமன். பதினெட்டு வயது. டிராமில் போகும்போது கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் அசுதோஷ் டே என்ற உதவியாளர். பிறகு கால் நூற்றாண்டு ராமனோடு வேலை பார்த்தார். அம்ரித்லால் ஆய்வகத்தையே இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டார். அதிகாலையில் ஆய்வகம், பகலில் அலுவலகம், மாலையில் மறுபடி ஆய்வகம். கல்கத்தாவில் இருந்த வருடங்கள் இப்படியே ஓடின. அம்ரித்லால் 1919இல் மறைந்தபின் ராமனே செயலாளர். 1928 பிப்ரவரி 28 அன்று நடந்ததும், 1930இல் கிடைத்த நோபலும் உங்களுக்குத் தெரிந்ததே.

சர்க்கார் கனவு கண்ட பேராசிரியர் பதவி 1933இல்தான் வந்தது, அவர் பெயரிலேயே. அதில் முதலில் அமர்ந்தவர் வத்திராயிருப்புப் பக்கத்துக் கே.எஸ். கிருஷ்ணன். ராமன் அதற்குள் பெங்களூர் போய்விட்டார். அவரும் கழகத்தைப் பூசலோடுதான் பிரிந்தார். அது தனிப் பதிவுக்குரிய கதை.

இதையெல்லாம் மறுபடி படித்தபின் எழுதி அனுப்பிவிட்டேன், அரைப் பக்கம். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது, நுண்ணோக்கிகளில் எதற்கு லென்ஸ் மாற்ற வேண்டும், சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் எந்தப் பள்ளியில் ஓர் அறை கேட்கலாம், அங்கே வந்து உட்கார நான் தயார். இவ்வளவுதான்.

நேற்று தம்பி கூப்பிட்டார். "சார், எதிர்காலத் திட்டம்னு ஒரு பாரா விட்டுட்டீங்களே" என்றார்.