மின்வெட்டு நேரத்து முதல் பெண்கள்

2012இல் திருச்சியில் ஒரு பெண்கள் விடுதியில் நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் இருந்தோம். நால்வரும் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ராத்திரி விளக்கு அணைந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் பாயோடு ஏறிவிடுவோம். அங்கே ஆளுக்கொரு பொது அறிவுக் கேள்வி. சரியான விடை சொன்னவள் அடுத்ததைக் கேட்கலாம். அன்றைக்கு அதிகம் தோற்றவள் மறுநாள் விடியற்காலையில் எல்லோருடைய வாளியிலும் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். கோடைக்காலத்துத் திருச்சியில் அது சின்ன தண்டனை இல்லை.

ஆறுகள், அணைகள், தலைநகரங்கள், விருதுகள் என்று கேள்விகள் சுற்றிச் சுற்றி வந்தாலும் கடைசியில் ‘முதல் பெண்’ணில்தான் வந்து நிற்கும். முதல் பெண் ஆளுநர், முதல் பெண் ஐபிஎஸ், முதல் பெண் நீதிபதி. வழிகாட்டி நூல்களில் இதற்கென்றே இரண்டு பக்கம் அட்டவணை இருக்கும். மிச்ச முந்நூறு பக்கங்களில் தேடித்தான் பெண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அதனாலோ என்னவோ எங்களுக்கு அந்த இரண்டு பக்கமும் தலைகீழ்ப் பாடம்.

ஒருநாள் ‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் யார்?’ என்ற கேள்வியில் பெரிய சண்டை வந்தது. என்னிடம் இருந்த புத்தகம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றது. இன்னொருத்தியின் புத்தகம் ஆனந்திபாய் ஜோஷி என்றது. மூன்றாமவள் எங்கோ படித்த காதம்பினி கங்குலியை விடவே இல்லை. தண்ணீர் யார் பிடிப்பது என்று முடிவாகாமல் மறுநாள் நூலகத்துக்குப் போனோம்.

மூன்று புத்தகங்களும் பாதிப் பாதி சரி. ஆனந்திபாய் அமெரிக்காவின் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1886இல் பட்டம் பெற்றவர். ஊர் திரும்பிய சில மாதங்களில், 1887 பிப்ரவரியில், 22 வயது நிறைவதற்குள் காசநோயில் இறந்துபோனார். காதம்பினி அதே 1886இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் தேறி, இங்கேயே மருத்துவம் பார்த்தார். இரவில் நோயாளி வீடுகளுக்குப் போகிற பெண் என்பதால் ஒரு வங்கப் பத்திரிகை அவரை வேசி என்று சொல்லாமல் சொல்லி எழுதியது. அவர் தரப்பு வழக்குப் போட்டு, அதன் ஆசிரியருக்குச் சிறைத் தண்டனை வாங்கிக் கொடுத்தது. முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறியது 1912இல். மற்ற இருவரும் பட்டம் பெற்ற 1886இல்தான் அவர் புதுக்கோட்டையில் பிறந்தார்.

இவர்களுக்கு நடுவில் ருக்மாபாய் இருக்கிறார். பதினோரு வயதில் கட்டிவைக்கப்பட்ட கணவரோடு வாழ மறுத்தவர். 1887இல் பம்பாய் நீதிமன்றம், கணவரோடு போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறை என்று தீர்ப்புச் சொன்னபோது சிறைக்குப் போகிறேன் என்றார். பிறகு லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்தில் பல ஆண்டுகள் பணி செய்தார். அவர் எந்த ‘முதல்’ பட்டியலிலும் எளிதாக அடங்குவதில்லை. அதனால் எங்கள் மாடியில் அவர் பெயர் அதுவரை வந்ததே இல்லை.

நம் ஊர்க் கதை இதற்கும் முன்னால் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முடிவெடுத்ததே 1878இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். அந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப், சென்னையில் வக்கீலாக இருந்த ஓர் ஆங்கிலேயரின் மனைவி. ஆண் மருத்துவரைப் பார்க்க மாட்டோம் என்று, அல்லது பார்க்க விடமாட்டோம் என்று, பிரசவத்தில் பெண்கள் சாவதைக் கண்டு படிக்க வந்தவர். நால்வரும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்கள். ஷார்லீப் பிறகு இங்கே பெண்களுக்கான ஒரு மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார். இன்றும் திருவல்லிக்கேணியில் ஆட்டோக்காரரிடம் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றால் கொண்டுபோய் விடுவார். தேர்வில் ‘கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையின் பழைய பெயர் என்ன?’ என்று கேட்கத் தோதான விஷயம். அந்தப் பழைய பெயரை முழுசாகச் சொன்னால், விக்டோரியா மகாராணி பெயருக்குப் பின்னால் ‘சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான’ என்று வரும். திரைக்குப் பின்னால் இருக்கும் முஸ்லிம் பெண்கள், சாதி இந்துப் பெண்கள். மற்ற பெண்கள் எங்கே பிரசவித்தார்கள் என்பது கேள்வித்தாளில் வராது.

வெந்நீர்க் கதையாக இதை இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஆட்டம் மாறியது வேறொரு இரவில்.

நூலகத்தில் படித்த மிதப்பில் நான் ஒரு கேள்வி போட்டேன். “முத்துலட்சுமி ரெட்டியோட அம்மா பேர் என்ன? அவங்க எந்தக் குலம்?” ஒருத்தி “சந்திரம்மாள்” என்றாள். சொல்லிவிட்டு, “தாசிங்கடீ, நம்ம டாக்டரம்மாவோட அம்மா” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டுவிட முடியாது. எங்களில் நான்காமவள், கும்பகோணம் பக்கத்துக்காரி, ஒன்றும் பேசாமல் எழுந்து கீழே போய்விட்டாள். இரண்டு நாள் மாடிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் துணி காயப்போடும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்.

“எங்க கொள்ளுப்பாட்டியும் பொட்டுக் கட்டினவங்கதான். அது உங்களுக்கு ஒன்றரை மார்க் கேள்வி. எங்க வீட்டுல அதப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது.” கொஞ்ச நேரம் கழித்து, “சட்டம் வந்தப்போ அவங்க சந்தோஷப்பட்டாங்களா, அழுதாங்களா? அது எந்த கைடுலயாவது இருக்காடீ?” என்றாள்.

எந்த கைடிலும் இல்லை. ‘தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்த ஆண்டு?’ 1947. ‘அதற்குப் பாடுபட்டவர்?’ முத்துலட்சுமி ரெட்டி. இரண்டு வரியில் முடிந்துவிடும். அவள் கேட்ட கேள்விக்காகத்தான் நான் வரலாறு படிக்கத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

முத்துலட்சுமியை ‘முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்’ என்று மனப்பாடம் செய்திருந்தோம். சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. சொத்து உள்ளவர்களுக்கு மட்டும். சபையில் உறுப்பினராகும் உரிமை வர இன்னும் ஐந்து ஆண்டு ஆனது. 1926 தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா சொற்ப வாக்குகளில் தோற்றார். தோற்றவர்கள் பொது அறிவில் இடம்பெறுவதில்லை. முத்துலட்சுமி நியமன உறுப்பினராக உள்ளே போனவர். போனதும் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அவருக்கு முன்பே நியமனமாகியிருந்தார் என்பதைச் சேர்த்தால் ‘முதல்’ இங்கேயும் கொஞ்சம் ஆட்டம் காணும்.

சபைக்குள் அவர் கையில் எடுத்தது, கோயில்களுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை. அவர் அம்மா பிறந்த சமூகத்தின் வழக்கம் அது. அப்பா நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மாவை அப்பாவின் உறவு ஏற்கவில்லை. அந்த வலி தெரிந்த ஒருவர்தான் அந்தச் சட்டத்துக்காக அத்தனை ஆண்டு நின்றிருக்க முடியும். 1929இல் கோயில் மானிய நிலங்களை ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே உரிமையாக்கும் திருத்தம் வந்தது. பொட்டுக் கட்டுவதையே தடைசெய்ய 1947 வரை ஆயிற்று.

எதிர்த்தவர்களில் பெங்களூர் நாகரத்தினம்மா இருந்தார். அவரும் அதே சமூகம். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக் கோயிலைத் தன் சொத்தைப் போட்டு எழுப்பியவர். அங்கே பெண்கள் பாட அனுமதி இல்லை என்றபோது பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனி ஆராதனை நடத்தியவர். அதற்கும் முன்பு, தஞ்சை அரண்மனையில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’ காவியத்தை 1910இல் பதிப்பித்தார். ஒரு பெண் தன் ஆசையை எழுதியது ஆபாசம் என்று அரசு அதைத் தடைசெய்தது. அவரும் சென்னைத் தேவதாசிகளும் மசோதாவை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். தங்களை விலைமாதர் என்று ஒரே பட்டியலில் அடைக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். அவர்கள் வீட்டில் பெண்ணுக்குச் சொத்து வந்தது, பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடிந்தது, படிப்பும் இசையும் இருந்தன. அந்தக் காலத்துக் குடும்பப் பெண்கள் பலருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

மூன்றாவதாக மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். தாசியாக்கப்படவிருந்த நிலையிலிருந்து விலகி, அந்த முறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசியவர். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலை எழுதினார். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்தார். நாங்கள் படித்த அதே திருச்சியிலிருந்து. எங்கள் புத்தகத்திலோ அவர் பெயர் ‘அரசுத் திட்டங்கள்’ பாடத்தில் திருமண உதவித் திட்டமாக மட்டுமே இருந்தது. ஆளை நாங்கள் தெரிந்துகொள்ளவே இல்லை, திட்டத் தொகையைத் தெரிந்துவைத்திருந்தோம்.

ஒரே பிறப்பிலிருந்து வந்த மூன்று பெண்கள், மூன்று பக்கம். நான் இன்றும் முத்துலட்சுமி, ராமாமிர்தம் பக்கம்தான். விவரம் தெரியாத குழந்தைக்குப் பொட்டுக் கட்டியதை எந்தக் கலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் நாகரத்தினம்மா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்களின் பாட்டும் ஆட்டமும் சீக்கிரமே சபா மேடைகளில் வேறு வீட்டுப் பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ‘பரதநாட்டியத்துக்குப் புத்துயிர் ஊட்டியவர் யார்?’ என்றால் ருக்மிணி தேவி என்று டிக் அடிக்கிறோம். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி அதே காலத்தில் ஆடிக்கொண்டுதான் இருந்தார். அவர் வீட்டில் அது செத்துக்கிடக்கவில்லை.

இதையெல்லாம் அப்போதே இவ்வளவு கோவையாகத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தவளும் கேட்டாள், பாதி அழுகையோடு. அவள் மாடிக்குத் திரும்பி வந்தபோது ஒரு விதியோடு வந்தாள். யாராவது ‘முதல் பெண்’ என்று கேள்வி கேட்டால், அதுவரைக்கும் கதவைச் சாத்தி வைத்திருந்தது யார் என்றும் அவளே சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் தண்ணீர்.

ஆட்டம் மெதுவாகிவிட்டது. ஒரு ராத்திரிக்கு நாலு கேள்விகூடத் தேறவில்லை. தேர்வுக்கு அது உதவவும் இல்லை. நான் அந்த முறை தோற்றேன். அவள் ஜெயித்து, இப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருக்கிறாள். கொள்ளுப்பாட்டியின் மானிய நிலம் எந்தச் சர்வே எண்ணில் இருந்தது என்று பழைய பதிவேடுகளில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். நிலம் கைமாறி எத்தனையோ வருஷமாயிற்று. நகல் எடுத்து வைத்திருக்கிறாள்.

போன மாதம் போனில் பேசினோம். அவள் மகள் நான்காம் வகுப்பு. பள்ளியில் விநாடி வினா. ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான்கை மகளே எழுதிக்கொண்டாள். ஐந்தாவதை அம்மா சொல்லிக் கொடுத்தாள்: ‘சந்திரம்மாளின் மகள் யார்?’

டீச்சர் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் ‘இந்தியாவின் முதல் பெண் பிரதமர் யார்?’ என்று எழுதிக் கொடுத்தாராம்.