மண்ணெண்ணெயும் காபரேற்றரும்: தீவகத்தின் இயந்திர வரலாற்றில் ஒரு பகுதி

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையைப் பற்றி எழுதுவோர், பெரும்பாலும் தடுக்கப்பட்ட பொருள்களின் பட்டியலோடு நின்றுவிடுகின்றனர். பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, பசளை என அப்பட்டியல் நீளும். அப்பொருள்கள் இன்றி மக்கள் நாளாந்தம் வாழ்ந்த முறையோ மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. எழுதப்படுமிடத்தும் அஃது ஒரு விந்தைக் கதையாகவே சொல்லப்படுகின்றது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய செய்தி அத்தகைய கதைகளுள் முதன்மையானது. தேவை வந்ததும் திடீரெனத் தோன்றிய கண்டுபிடிப்பாக அதனைக் கொள்ளும் வழக்கம் பொருத்தமானதாகத் தோன்றவில்லை. தீவகத்துக் கடலிலும் குடாநாட்டுத் தோட்டங்களிலும் நெடுங்காலம் பழகிய ஓர் அறிவு, தடைக்காலத்தில் வீதிக்கு வந்தது என்று கொள்வதே வரலாற்றுக்கு இசைவானது. இக்கட்டுரை அதனையே ஆராய்கின்றது.

காபரேற்றர் என்பது காற்றையும் எரிபொருளையும் உரிய அளவிற் கலந்து இயந்திரத்துக்கு ஊட்டும் சிறு கருவி. 1885ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் டைம்லரோடு இணைந்து உழைத்த மேபாக், மிதவையொன்றினால் எரிபொருள் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பினை வகுத்தார். குறுகிய குழாயினூடு விரைந்து செல்லும் காற்றின் அழுத்தம் குறையும். அக்குறைவு எரிபொருளைச் சிறுதுளை வழியாக உறிஞ்சித் தூவானமாக்கும். பின்வந்த கருவிகள் யாவும் இந்த அடிப்படையின் மீதே எழுந்தன. ஆயின் அவை யாவும் எளிதில் ஆவியாகும் பெற்றோலை மனங்கொண்டே செய்யப்பட்டவை. பெற்றோல் உறைநிலைக்கு வெகு கீழேயும் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். குளிர்ந்த இயந்திரத்தினுள் அது துளியாகவே நுழைந்து துளியாகவே வெளியேறும். பெற்றோல் இயந்திரமொன்றை மண்ணெண்ணெயில் ஓட்ட முயல்வோர் முதலில் எதிர்கொள்ளும் தடை இதுவே.

மேலைநாடுகளில் இத்தடை முன்னரே தீர்க்கப்பட்டிருந்தது. 1917இல் உற்பத்தி தொடங்கிய ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலிற் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்திற் புழங்கிய ஃபேர்கசன் உழவு இயந்திரங்களிலும் இவ்வகையொன்று இருந்தது. கழிவுப் புகையின் வெப்பத்தால் எரிபொருளை ஆவியாக்குதல், அழுத்த விகிதத்தைக் குறைத்தல் என்னும் இரண்டுமே அவற்றின் அடிப்படை. இலங்கையில் மண்ணெண்ணெய் நெடுங்காலம் பெற்றோலினும் மலிவாக விற்கப்பட்டமையால், வடபகுதித் தோட்டக்காரர் கிணற்று நீர் இறைக்கும் இயந்திரங்களை இம்முறையிலேயே இயக்கினர். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நீர் பாய்ச்சிய அவ்வியந்திரங்களைக் கிளப்புவதற்குச் சிறிது பெற்றோல் போதும். சற்று நேரத்தில் குழாயைத் திருப்பிவிட்டால் நாள் முழுதும் மண்ணெண்ணெயே ஓடும்.

கடலிலும் நிலைமை இதுவே. 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரில் உருவான சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகுகளைச் செய்தது. படகின் பின்புறத்தே பூட்டும் வெளியிணைப்பு இயந்திரங்கள் பரவியபோது, மண்ணெண்ணெய்க்கென்றே வடிவமைக்கப்பட்ட யமஹா போன்ற வகைகள் மீனவர் கைக்கு வந்தன. கரைக்குத் திரும்புமுன் மிதவைக் கிண்ணத்திற் பெற்றோலை நிரப்பி நிறுத்தவேண்டும் என்பதும், மறந்தால் மறுநாட் காலையிற் கயிற்றை இழுத்துக் கை ஓயவேண்டும் என்பதும் கடற்றொழிலாளர் அறிந்த பாடம். எந்தப் பாடநூலையும் நாடாது கற்ற பாடம் அது.

தீவகத்தின் வீதிகளுக்கு மோட்டார் சைக்கிள் வந்த வரலாறு வேறு. பண்ணைத் தாம்போதி வேலணையை யாழ்ப்பாண நகரோடு இணைக்கின்றது. வேலணையிலிருந்து மற்றொரு தாம்போதி புங்குடுதீவுக்குச் செல்கின்றது. குறிகட்டுவானுக்கு அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகே வழி. ஆகவே இங்கு மோட்டார் சைக்கிள் பாதி வழி வீதியிலும் பாதி வழி படகிலும் பயணம் செய்யும் ஊர்தி. தொடக்கத்தில் பிரித்தானிய வண்டிகளே இலங்கையில் ஓடின. அவற்றுட் பலவற்றிலிருந்த அமல் காபரேற்றர், 1927இல் மூன்று நிறுவனங்கள் ஒன்றிணைந்து பிறந்த பேர்மிங்ஹாம் நிறுவனத்தின் ஆக்கம். 1970 முதல் 1977 வரை நிலவிய இறுக்கமான இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் புது வண்டியும் உதிரிப் பாகமும் அரிதாயின. ஒரு வண்டியின் கருவியை இன்னொரு வண்டிக்குப் பூட்டும் பழக்கம் அக்காலத்திலேயே கராச்சுகளில் வேரூன்றியது எனலாம். 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பானிய வண்டிகள் திரளாக வந்தன. அவற்றுள் ஜப்பானிய அஞ்சற் சேவைக்கெனச் செய்யப்பட்ட ஹொண்டா எம்.டி. 90 யாழ்ப்பாணத்து மக்களின் மனத்தில் தனியிடம் பெற்றது. சிறிய நான்கடிப்பு இயந்திரமும் எளிய அமைப்பும் கொண்ட இவ்வண்டி, பின்வந்த சோதனைக் காலத்தையும் தாங்கி நின்றது.

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியது. 1991 முடிவதற்குள் தீவகம் ஏறத்தாழ முழுவதும் அரச படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. மக்களுட் பெரும்பாலோர் குடாநாட்டுக்குப் பெயர்ந்தனர். வேலணையும் புங்குடுதீவும் ஆளரவமற்றுக் கிடக்க, அவ்வூர்களின் மீனவரும் திருத்துநரும் தடைக்குட்பட்ட குடாநாட்டில் அகதிகளாக வாழ்ந்தனர். கடலிற் பழகிய கையும் தோட்டத்திற் பழகிய கையும் ஒரே பட்டினத்தில் நெருங்கி வாழ நேர்ந்தது இவ்வாறுதான். மண்ணெண்ணெய் நுட்பம் இவ்வளவு விரைவில் எங்கும் பரவியமைக்கு இந்நெருக்கமும் ஒரு காரணமாகலாம்.

அந்நுட்பத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். தாங்கியில் மண்ணெண்ணெய் இருக்கும். சிறு போத்தலொன்றிற் பொன்போலப் பேணப்பட்ட பெற்றோல் தனியே இருக்கும். சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் விட்டு உதைத்தால் இயந்திரம் சில கணம் உயிர்பெறும். அக்கணங்களுள் அது மண்ணெண்ணெயைப் பற்றிக்கொள்ளாவிடின் மீண்டும் துளி, மீண்டும் உதை. மலைநாடாயின் சரிவில் உருட்டியேனும் கிளப்பலாம்; குடாநாட்டிலும் தீவகத்திலும் சரிவு ஏது? தள்ளிக்கொண்டே ஓடவேண்டியதுதான். இதனாற் கிளம்பிய வண்டியை நிறுத்த எவரும் விரும்பார். சூடு ஆறுமுன் அலுவலை முடித்துத் திரும்புவதே வழக்கமாயிற்று.

கிளம்பியபின் வேறு தொல்லைகள் எழும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் தாழ்ந்தது. அழுத்தம் மிகுந்தால் தீப்பொறிக்கு முந்தியும் தாறுமாறாகவும் எரிந்து, சம்மட்டியால் அடித்தாற்போல் ஒலிக்கும். அதனைத் தவிர்ப்பதற்கான வழி, உருளையின் அடியில் மேலதிக பக்கிங் இட்டு அழுத்த விகிதத்தைக் குறைத்தலும், தீப்பொறி நேரத்தைச் சற்றுப் பின்தள்ளுதலுமாம். காபரேற்றரில் ஊசியை ஒரு படி உயர்த்தினால் கலவை செறிவாகும். பிரதான ஜெற்றின் துளையைப் பெருப்பித்தாலும் அவ்வாறே. ஆயின் ஊசியை மீண்டும் இறக்கலாம். பெருத்த துளையை மீண்டும் சிறுப்பிக்க இயலாது. இவ்வேறுபாடு அற்பமானதன்று என்பது பின்னரே புலப்பட்டது.

இயந்திரத்தினுள் நிகழ்ந்த கேடு கண்ணுக்குத் தெரியவில்லை. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு அடிப்பெட்டியில் இறங்கும். சிறிய ஹொண்டா வண்டிகளின் அடிப்பெட்டி ஒரு லீற்றருக்கும் குறைவான எண்ணெயையே கொள்ளும். அதனுட் கலந்த மண்ணெண்ணெய் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்ய, பிஸ்ரன் வளையமும் உருளையும் தேயும். அளவுகோலை எடுத்துப் பார்ப்பவர் எண்ணெய் மட்டம் குறையாது கூடியிருக்கக் கண்டு மகிழ்ந்திருக்கலாம். உண்மையில் அதுவே கேட்டின் அறிகுறி. மாற்றுவதற்குப் புது எண்ணெயும் எளிதிற் கிடைக்காத காலம் அது.

இங்கு இன்னொன்றும் மறக்கற்பாலதன்று. சங்கக்கடையில் அளந்து கொடுக்கப்பட்ட மண்ணெண்ணெய் வீட்டு விளக்குக்கும் உரியது. மின்சாரமற்ற அவ்வாண்டுகளில் ஜாம் போத்தலில் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு, மெல்லிய திரி கொளுத்தி, அவ்வொளியில் மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். தாங்கியில் ஊற்றிய ஒவ்வொரு போத்தலும் எங்கோ ஒரு விளக்கின் பல இரவுகள். ஆகவே மோட்டார் சைக்கிள் அக்காலத்திற் பொதுமக்களின் ஊர்தியாக இருந்ததெனக் கருதுதல் தவறு. பெரும்பாலோர் சைக்கிளிலேயே சென்றனர். நோயாளியையும் பிணத்தையும்கூடச் சைக்கிளிற் கொண்டுசென்றனர். மண்ணெண்ணெய் வண்டியைப் புகழ்வோர் இதனையும் சேர்த்தே சொல்லவேண்டும். தடை புதிய அறிவை வளர்த்ததென்பதிலும், ஏற்கெனவே இருந்த அறிவையும் இயந்திரங்களையும் தின்று தீர்த்தது என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தத்தின்பின் ஏ-9 வீதி திறந்தபோது பெற்றோல் தாராளமாக வந்தது. 2006இல் வீதி மீண்டும் மூடப்பட்டு, 2009இற் போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. பழைய வண்டிகளிற் பெற்றோலை ஊற்றியோர் பெருந்துளை ஜெற்றின் விளைவைக் கண்டனர்: கரும்புகை, கரிபிடித்த பிளக், வீண் செலவு. அசல் கெய்ஹின் கருவி கிடைப்பது அரிதாகவே, சந்தையில் மலிவாகக் கிடைத்த மாற்றுக் காபரேற்றரைப் பூட்டுதல் வழக்கமாயிற்று.

மாற்றுக் கருவியைப் பூட்டுவது ஆணி இரண்டை முடுக்குவதோடு முடிவதன்று. வாயின் விட்டம் அசலினும் பெரிதாயின், குறைந்த வேகத்தில் காற்றின் விரைவு குன்றி எரிபொருள் தூவானமாகாது. பெரிய கருவி கூடிய வலுவைத் தரும் என்ற எண்ணம் இங்கே பொய்க்கின்றது. ஜெற் எண்களும் மயக்கம் தருவன. அமல் எண் நிமிடத்துக்கு எத்தனை கன சென்ரிமீற்றர் பாயும் என்பதைச் சுட்டுவது; கெய்ஹின் எண் துளையின் விட்டத்தை மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்காற் சுட்டுவது. ஒன்றின் எண்ணைக் கொண்டு மற்றதைத் தேர்ந்தவர் ஏமாறுவர். இணைப்புத் தட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அதனூடு புகும் காற்றுக் கலவையை மெலிவாக்கும். அந்நிலையில் எந்த ஆணியைத் திருகினும் இயந்திரம் சீராக நில்லாது.

சீராக்கும் வரிசையிலும் தீவகத்துக்கெனத் தனித்தன்மை உண்டு. சிறு திறப்பில் மெதுவோட்ட ஜெற்றும், நடுத்திறப்பில் ஊசியும், முழுத்திறப்பிற் பிரதான ஜெற்றும் ஆட்சி செய்யும். ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமே கொண்ட நெடுந்தீவில், பவளக்கல் வேலிகளுக்கிடையே செல்லும் ஒழுங்கைகளில், கைப்பிடியை முழுதும் திருகும் வாய்ப்பு எத்தனை முறை வரும்? அங்கே கவனிக்கவேண்டியவை மெதுவோட்ட ஆணியும் ஊசியின் படியுமே. இயந்திரத்தை நன்கு சூடாக்கி, ஆணியை மெல்லத் திருகி, ஓட்டம் மிக உயர்ந்து சீராகும் இடத்தில் நிறுத்தி, பின்னர் வேகத் திருகினால் ஓட்டத்தைத் தாழ்த்துவது முறை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கருமை செறிவையும் வெண்மை மெலிவையும் காட்டும். வெளிறிய பழுப்பே வேண்டிய நிறம். இவை நகரத்து வண்டிக்கும் பொதுவானவை. உப்புக்காற்றோ தீவுக்கே உரியது. அது கருவியின் உலோகத்தை வெண்பொடியாக அரிக்கும்; படகுப் பயணத்தில் தெறிக்கும் கடல்நீர் மிதவைக் கிண்ணத்தின் அடியிற் சேரும். கிண்ணத்தின் வடிகால் ஆணியை அடிக்கடி திறந்துவிடுதல் இங்கு இன்றியமையாதது.

2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்து, வாராந்தப் பங்கீட்டு முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வழங்கப்பட்டது 4 லீற்றர். தென்னிலங்கை மக்களும் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். குடாநாட்டின் பழைய நுட்பத்தை இம்முறை நினைவுகூர்ந்தோர் பலர். பின்பற்ற வழி அடைபட்டிருந்தது. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடாயிற்று. ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டது. புதிய வண்டிகள் பலவற்றிற் காபரேற்றரே இல்லை. எரிபொருளைக் கணித்து உட்செலுத்தும் மின்னணு அமைப்பே உண்டு. விலையேற்றம் முதலில் தாக்கியது வீதியை அன்று, படகுகளையே. 1990க்கு முன்னர் மலிவு கருதி மண்ணெண்ணெயைத் தேர்ந்த மீனவர், இப்போது அதன் விலை கருதியே தொழிலுக்குச் செல்லும் நாட்களைக் குறைக்கவேண்டியவராயினர்.