புலமைப்பரிசில் எதற்காக வந்தது?

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் என்றதும் இன்று நம் ஊரில் வெட்டுப்புள்ளியும் பிரத்தியேக வகுப்பும்தான் பேச்சு. அதன் தொடக்கம் வேறு.

1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, 1940களில் கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகளை அமைத்தார். அதுவரை நல்ல ஆய்வுகூடமும் நூலகமும் பெரும்பாலும் நகரத்துக் கட்டணப் பாடசாலைகளிலேயே இருந்தன. மீத்திறன் உள்ள ஏழைப் பிள்ளைகளைப் பரீட்சை மூலம் தெரிந்து, விடுதி வசதியோடு இங்கே சேர்த்தார்கள். பாடங்களோடு விவசாயமும் கைப்பணியும் கற்றார்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதே ஆண்டு ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் முஸ்லிம் மாணவருக்கான கல்வி உதவி நிதியைத் தொடங்கினார். காசில்லாமல் திறமை வீணாகக் கூடாது என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

அன்று பரீட்சை வெறும் வாசல். உள்ளே கிடைத்த கற்றலுக்காகவே பிள்ளைகள் அதைக் கடந்தார்கள். இன்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளையையே கடந்தகால வினாத்தாளோடு உட்கார வைக்கிறோம். அது கேட்கும் புதுக் கேள்விக்கு நமக்கு நேரமில்லை.

பெற்றோரே, பாடசாலை நூலக அலுமாரிகளைத் திறப்போம். கிழமைக்கு ஒரு பின்னேரத்தை வாசிப்புக்கும் சிறு பரிசோதனைக்கும் ஒதுக்குவோம். வெட்டுப்புள்ளியைத் தொடாத பிள்ளையும் அதில் இருக்கட்டும்.