எண் புதிர்களும் தொடக்கப்பள்ளிக் கணக்கும்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து

எண் புதிர் என்பது சில எண்களையும் சில நிபந்தனைகளையும் கொடுத்து, மறைந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்கு. மாயச் சதுரம், எண் கோபுரம், விடுகதைக் கணக்கு எல்லாம் இதன் வகைகள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் உறுதிப்படுத்த இவை உதவுமா என்றால், உதவும். ஆனால் எல்லாப் புதிரும் உதவாது. நாளிதழ் வாசகர் அனைவரும் அறிந்த சுடோகுவையே எடுத்துக்கொள்வோம். 1979-இல் அமெரிக்கரான ஹோவர்ட் கார்ன்ஸ் அமைத்த இந்தப் புதிர், ஜப்பானில் பெயர் பெற்று, 2004-இன் இறுதியில் லண்டன் டைம்ஸ் நாளிதழ் வழியாக உலகெங்கும் பரவியது. அதிலுள்ள ஒன்பது எண்களை எடுத்துவிட்டு ஒன்பது பூக்களின் பெயரை எழுதினாலும் புதிர் மாறாது. ஒரு கூட்டல்கூட அதற்குத் தேவையில்லை. பொறுமையையும் தர்க்கத்தையும் அது வளர்க்கலாம், கணக்கை வளர்க்காது. ஜப்பானியக் கணக்காசிரியர் டெட்சுயா மியாமோட்டோ 2004-இல் தம் மாணவர்களுக்காக உருவாக்கிய கென்கென் என்ற புதிர் அப்படியல்ல. 1 முதல் 4 வரையுள்ள எண்களே இடவேண்டிய கட்டங்களில், அடுத்தடுத்த இரண்டைப் பெருக்கினால் 12 வரவேண்டும் என்றால் 3, 4 தவிர வேறு வழியில்லை. வாய்ப்பாடுதான் அங்கே பூட்டைத் திறக்கிறது.

மாயச் சதுரம் இவ்வகையில் மிகப் பழையது, இன்றும் மிகச் சிறந்தது. நாராயண பண்டிதர் 1356-இல் எழுதிய கணித கௌமுதியில் இதற்கென ஓர் அத்தியாயமே உண்டு. ராமானுஜனின் இரண்டாம் குறிப்பேடும் மாயச் சதுரத்தில்தான் தொடங்குகிறது. மூன்றுக்கு மூன்று கட்டத்தில் 1 முதல் 9 வரை இட்டு, நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவாட்டிலும் ஒரே கூட்டுத்தொகை வரச் செய்யவேண்டும். ஒன்பது எண்களின் மொத்தம் 45, வரிசைகள் மூன்று, ஆகவே ஒவ்வொன்றும் 15. கூட்டினால் 15 வரும் மும்மூன்று எண்கள் எத்தனை விதம் என்று பிள்ளை தேடத் தொடங்கினால் எட்டு விதம் அகப்படும். அவற்றில் 5 மட்டும் நான்கில் வருகிறது, ஆகவே அதற்கு நடுக்கட்டம். 2, 4, 6, 8 மும்மூன்றில் வருகின்றன, ஆகவே அவற்றுக்கு மூலைகள். இதைக் கண்டறிவதற்குள் ஐம்பது கூட்டலாவது நடந்திருக்கும். பயிற்சித்தாளில் ஐம்பது கூட்டலைக் கொடுத்தால் சலிக்கும் பிள்ளை இங்கே சலிப்பதில்லை, ஒவ்வொரு கூட்டலுக்கும் ஒரு காரணம் இருப்பதால்.

புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கான புதிரை வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்த இம்மண்ணில் புழங்கிய செப்புக்காசு அம்மன் காசு. 20 காசு சேர்ந்தால் ஓரணா. மூன்று பேரிடம் சேர்த்து ஓரணா இருக்கிறது. இரண்டாமவரிடம் முதலாமவரைப்போல் இரு மடங்கு. மூன்றாமவரிடம் இரண்டாமவரைவிட 5 காசு கூடுதல். ஒவ்வொருவரிடமும் எத்தனை காசு என்று கேட்கலாம். முதலாமவரிடம் 4 என்று தொடங்கினால் 4, 8, 13 சேர்ந்து 25 ஆகிறது, மிகுதி. 2 என்றால் 2, 4, 9 சேர்ந்து 15, குறைவு. 3 என்றால் 3, 6, 11, சரியாக 20. இது வெறும் ஊகம்தானே, கணக்கா என்று கேட்பவர் உண்டு. முதல் எண்ணில் ஒன்று கூடினால் மொத்தத்தில் 5 கூடுகிறது என்பதை 15, 20, 25 என்ற வரிசையில் பிள்ளை கவனித்துவிட்டால், பின்னாளில் வரும் இயற்கணிதத்தின் வாசலில் அது நிற்கிறது. பலாவுக்குப் பேர்போன வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பள்ளிகளுக்கு இன்னொன்று. காரி நாயனாரின் கணக்கதிகாரம், பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கவேண்டும். முள் 100 என்றால் சுளை 120. சுளை 120 என்றால் முள் எத்தனை என்று திருப்பிக் கேட்டால் அது புதிர். நிஜப் பழம் இந்த விதிக்குக் கட்டுப்படுமா என்பதை எண்ணிப் பார்த்துச் சொல்வதும் நல்ல கணக்குப் பாடம்தான்.

விளையாட்டால் பள்ளிக் கணக்கு தேறும் என்பதற்குச் சான்று உண்டா? இங்கே நேர்மையாகப் பேசவேண்டும். டெல்லியின் முன்பருவப் பள்ளிகளில் நடந்து 2017-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வில், கணித விளையாட்டுகள் குழந்தைகளின் எண்ணுணர்வை நீடித்து வளர்த்தன; எழுத்துக்கணக்கில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறார்களைப் பற்றி 2025-இல் நேச்சர் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது: விலைக்கணக்கை மனத்தில் நொடியில் போட்டவர்கள் புத்தகக் கணக்கில் தடுமாறினார்கள், பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஒன்று தானாக மற்றொன்றாகிவிடாது. புதிருக்கு எதிரான சான்றாக இதைக் காட்டுவார்கள். எனக்கு இது புதிரை எப்படிக் கையாளவேண்டும் என்ற வழிகாட்டலாகவே தெரிகிறது. வாயால் சொன்ன விடையைச் சிலேட்டில் 3 + 6 + 11 = 20 என்று எழுதி, எப்படிக் கண்டாய் என்ற கேள்விக்கும் பதில் சொல்லும்போதுதான் விளையாட்டுக்கும் பாடத்துக்கும் பாலம் விழுகிறது.

வாய்ப்பாடு மனப்பாடம் போதாதா என்பது மற்றொரு வாதம். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனத்தில் பதித்தார்கள், அது வீணல்ல. ஏழெட்டு 56 என்பது நாவில் இல்லாத பிள்ளைக்குப் பெருக்கல் புதிர் துன்பமாகத்தான் இருக்கும். வாய்ப்பாட்டைப் பயன்படுத்தும் இடமாகவே புதிரைக் கொள்ளவேண்டும், அதன் மாற்றாக அல்ல. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமே இது ஏற்றது என்ற எண்ணமும் தவறு. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கிறது. ஒரே மாயச் சதுரத்தில் அரும்புக்கு இரண்டு கட்டம் காலி, மலருக்கு ஏழு கட்டம் காலி என்று வைத்தால் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து போடலாம். பாடவேளை போதாது என்ற குறை உண்மையானது. ஆனால் வகுப்பறைக்கு வெளியே கற்பிப்பது இம்மாவட்டத்துக்குப் புதிதல்ல: 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் கல்குவாரித் தொழிலாளர்கள் உட்படப் பெண்களிடம் எழுத்தையும் மிதிவண்டியையும் ஒருசேரக் கொண்டுசேர்த்தது, தொண்டர்களின் உழைப்பால். 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியும் மாலைநேரத் தன்னார்வலர்களை நம்பியே நடந்தது. அத்தகைய மாலை மையத்தில் தரையில் கட்டம் கிழிக்க ஒரு சாக்கட்டி வேண்டும்; 1 முதல் 9 வரை அடுக்கிவைக்க 45 புளியங்கொட்டை போதும்.