தோலில் தங்கிய பளபளப்பு

எத்தியோப்பியா முதல் தான்சானியா வரை முள்மரக் காடுகளிலும் புல்வெளிகளிலும் வாழும் சூப்பர்ப் ஸ்டார்லிங், நம் நாட்டு மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. தலை கறுப்பு. முதுகு வெயில் படும் கோணத்துக்கேற்ப நீலமாகவும் பச்சையாகவும் மினுங்கும். நீல மார்புக்கும் செம்பழுப்பு வயிற்றுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைப் பட்டை ஓடும். பிராங்பர்ட் நகரத்து இயற்கையியலாளர் எடுவார்ட் ரூப்பெல் 1845இல் இதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தபோது, அதன் பகட்டையே பெயராக வைத்தார். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஐரோப்பிய அறிவியல் இந்தப் பறவையைப் பற்றிப் பேசியதெல்லாம் பெரும்பாலும் அதன் நிறத்தைத்தான். பறவை அழகாக இருந்தது மட்டும் இதற்குக் காரணமல்ல; பறவைத் தோல் சேகரிக்கும் வழக்கம் அறிஞர்களின் கையில் எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதே முக்கியக் காரணம் என்பேன்.

சுட்ட பறவையின் வயிற்றைக் கீறி உடலை வெளியே எடுப்பார்கள். தோலின் உட்புறத்தில் ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவி, பஞ்சை அடைத்துத் தைத்து, காலில் சீட்டு கட்டி இழுப்பறையில் மல்லாக்கக் கிடத்துவார்கள். கண் இருந்த குழியிலும் பஞ்சுதான். உயிருள்ள சூப்பர்ப் ஸ்டார்லிங்கில் முதலில் கண்ணில் படுவது கறுத்த முகத்தில் பளிச்சென்று தெரியும் வெள்ளை விழி. அதே நிலத்தில் திரியும், கிட்டத்தட்ட அதே உடை போட்ட ஹில்டபிரண்ட் ஸ்டார்லிங்குக்கு விழி செம்மஞ்சள். தோலில் இந்த வேறுபாடு மறைந்துவிடும்; சேகரித்தவர் சீட்டில் குறித்திருந்தால் உண்டு. குரலும் போயிற்று, நடையும் போயிற்று. ஆனால் பளபளப்பு மட்டும் போகாது. இந்த நீலத்தைத் தருவது நீலச் சாயம் எதுவுமல்ல. இறகின் நுண்ணிழைக்குள் மெலனின் துகள்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் ஒளியைச் சிதறடித்து உண்டாக்குவது. சாயம் மங்கலாம், அடுக்கு அத்தனை எளிதில் குலையாது. ஆக, இழுப்பறையைத் திறந்தவர் கண்ணுக்குப் பறவையின் மற்ற எல்லாவற்றையும் தாண்டி இதுவே எஞ்சி நின்றது.

இன்னொன்றும் நடந்தது. கூட்டமாக வாழும் பறவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. மின்னும் இறகு என்றால் பெண்ணை ஈர்க்க ஆண் பூணும் அணி என்ற கருத்துக்கு டார்வினின் 1871ஆம் ஆண்டு நூல் வலுச்சேர்த்திருந்தது. இந்தப் பறவையிலோ பெண்ணும் ஆணைப் போலவே மின்னுகிறது. அது ஏன் என்ற கேள்விக்கு விடை கூட்டத்தில்தான் இருந்தது. கூட்டம் பெட்டியில் ஏறி ஐரோப்பாவுக்குப் போகவில்லை. குரலும் அப்படித்தான் போகவில்லை. 1980களில் கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளை ஆராய்ந்த டோரதி செனியும் ராபர்ட் செய்ஃபார்த்தும், இந்த ஸ்டார்லிங் தரையில் வரும் எதிரிக்கு ஒரு குரலும் வல்லூறுக்கு வேறு குரலும் எழுப்புவதையும், குரங்குகள் அதைக் கேட்டு முன்னதற்கு மரமேறுவதையும் பின்னதற்கு வானத்தைப் பார்ப்பதையும் காட்டினார்கள். குரங்குக்குத் தெரிந்திருந்த செய்தி பறவை நூல்களுக்கு வந்து சேர அத்தனை காலமாயிற்று!

தோல்களைக் குறை சொல்வது நன்றி கெட்ட செயல் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆய்வாளர்கள் டஸ்டின் ரூபன்ஸ்டைனும் இர்பி லவெட்டும் 2009இல், கூடி வாழ்ந்து குஞ்சு வளர்க்கும் ஆப்பிரிக்க ஸ்டார்லிங் இனங்களில் ஆண் பெண் வேறுபாடு குறைவு என்று காட்டியது அருங்காட்சியகத் தோல்களை அளந்துதான். கூட்டத்துக்குள் முட்டையிடும் வாய்ப்புக்காகப் பெண்களும் போட்டியிட வேண்டியிருப்பதால் அவற்றுக்கும் பகட்டு தேவைப்படுகிறது என்பது அவர்கள் விளக்கம். ஆனால் எந்த இனம் கூடி வாழ்கிறது என்று யாரோ காட்டில் பார்த்து எழுதி வைத்திருக்காவிட்டால் அந்த அளவுகளை எதனோடு ஒப்பிடுவது? தோல்கள் நூறாண்டுக்கும் மேலாக இருந்தன. கேள்விதான் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் துப்பாக்கியும் கத்தியும் தவிர வேறு வழியே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. கூட்டமாக இரைதேடுவதைக் காண விசேஷக் கருவி வேண்டியதில்லை. முகாம்களில் மனிதர் காலடி வரை வந்து பொறுக்கும் பறவை இது. பொறுமையாகப் பார்ப்பதற்கு அன்று மதிப்பில்லை, புதிய இனத்துக்குப் பெயர் வைப்பதற்கு இருந்தது.

கென்யாவின் லைக்கிபியாவிலுள்ள ம்பாலா ஆய்வு மையத்தில் இந்தப் பறவைகளைப் பின்தொடர்ந்தவர்கள், உறவே இல்லாத பறவைகளும் ஒன்றின் குஞ்சுக்கு மற்றொன்று இரை கொடுத்து, பின்னாளில் அந்த உதவியைத் திரும்பப் பெறுவதை 2025இல் வெளியிட்டார்கள். அதைக் கண்டறிய 20 ஆண்டுகள், 40 இனப்பெருக்கப் பருவங்கள் தேவைப்பட்டன.