வாரம் இருபது பவுண்டு!

உங்களுக்கு ஆபீஸ் பிடிக்கவில்லை. மேனேஜரோடு ஒத்துவரவில்லை. போட்ட ஒப்பந்தமும் ஜூன் 30-ம் தேதியோடு முடிகிறது. ‘ரொம்ப தேங்க்ஸ் சார், நான் வேற இடம் பார்த்துக்கறேன்’ என்கிறீர்கள். மேனேஜர் சிரிக்கிறார். ‘தாராளமா போங்க. ஆனா, நாங்க சரின்னு சொல்ற வரைக்கும் இந்த நாட்டுல ஒரு கம்பெனியும் உங்களைச் சேர்த்துக்காது. இங்கேயும் கையெழுத்துப் போடலைன்னா சம்பளம் கிடையாது!’

‘இதென்னய்யா அநியாயம்!’ என்று கொதிப்பீர்கள் இல்லையா? அந்தக் கொதிப்பு ஜார்ஜ் ஈஸ்ட்ஹாமுக்கும் வந்தது. அவர் ஆபீஸ் போனவர் அல்ல, கால்பந்து ஆடியவர். ஊர், இங்கிலாந்தின் நியூகாஸில். வருடம், 1960.

கதைக்குள் போகுமுன் அந்தக் காலத்து ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே கிளப் முதலாளிகள் கூடி உட்கார்ந்து போட்டுக்கொண்ட விதி அது. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். ஆனால், வருட முடிவில் ‘இவரை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்’ என்று கிளப் ஒரு பட்டியலில் பெயர் எழுதிவிட்டால் போதும், அந்த ஆட்டக்காரர் லீகில் வேறெந்தக் கிளப்புக்கும் ஆட முடியாது. கிளப்பாக மனசு வைத்து விற்றால்தான் விடுதலை. விற்ற பணமோ கிளப்பின் கல்லாவுக்கு!

இது ஒரு பூட்டு என்றால், இன்னொரு பூட்டும் இருந்தது: சம்பள உச்சவரம்பு. 1901-ல் வாரத்துக்கு 4 பவுண்டு என்று ஆரம்பித்தது. 1958-ல் 20 பவுண்டு. கோடைக்காலத்தில் ஆட்டம் இல்லையே, அப்போது 17 பவுண்டு. நீங்கள் தேசிய அணியின் காப்டனாகவே இருந்தாலும் சரி, வாரச் சம்பளத்தில் அதற்குமேல் ஒரு பென்னி கிடையாது!

ஈஸ்ட்ஹாமின் அப்பாவும் கால்பந்துக்காரர்தான். அப்பாவும் மகனும் வட அயர்லாந்தின் ஆர்ட்ஸ் கிளப்பில் ஒரே அணியில் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். 1956-ல் 9,000 பவுண்டு கொடுத்து நியூகாஸில் யுனைடெட் மகனை வாங்கியது. ஒல்லி உடம்பு. ஆனால், பந்து காலில் ஒட்டிக்கொண்டால் எதிரி பாடு திண்டாட்டம்தான்.

போகப் போக உரசல். கிளப் கொடுத்த வீடு சரியில்லை, ஏற்பாடு செய்து தந்த பகுதிநேர வேலை சரியில்லை, இங்கிலாந்தின் 23 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு ஆடப்போகவும் முட்டுக்கட்டை... இவை ஈஸ்ட்ஹாமின் குறைகள். 1960-ல் ஒப்பந்தம் முடிந்ததும், புதுசில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். டிரான்ஸ்ஃபர் கேட்டார். கிளப் மறுத்தது. லீக் நிர்வாகத்திடம் முறையிட்டார். ‘இது உங்களுக்கும் கிளப்புக்கும் நடுவில் உள்ள விவகாரம்’ என்று கையைக் கழுவிவிட்டார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பந்தைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு லண்டன் பக்கம் போனார். எர்னி கிளே என்ற நண்பரின் கம்பெனியில் தக்கை விற்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஆமாம், பாட்டில் மூடுகிற தக்கை செய்வார்களே, அந்த மரப்பட்டைச் சரக்குதான்! மாசக்கணக்கில் மைதானம் பக்கமே போகவில்லை. கடைசியில் நியூகாஸில் இறங்கிவந்து, அந்த வருடம் முடிவதற்குள் 47,500 பவுண்டுக்கு அவரை ஆர்சனலுக்கு விற்றது.

கேட்டது கிடைத்துவிட்டது. நீங்களும் நானுமாக இருந்தால் ‘ஆளை விடுப்பா சாமி’ என்று ஆர்சனலில் கோல் போடக் கிளம்பியிருப்போம். ஈஸ்ட்ஹாமும் அப்படிப் போயிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால், அவர் பின்னால் ஒரு யூனியன் இருந்தது.

1907-ல் மான்செஸ்டரில், பில்லி மெரிடித் போன்ற நட்சத்திரங்கள் கூடித் தொடங்கிய ஆட்டக்காரர் சங்கம் அது. 1960-ல் அதன் தலைவர் ஜிம்மி ஹில். தாடி வைத்த ஃபுல்ஹாம் ஆட்டக்காரர். செயலாளர் கிளிஃப் லாய்டு. முதலில் அவர்கள் கை வைத்தது சம்பளப் பூட்டின் மேல். 1961 ஜனவரி 21, சனிக்கிழமை ஸ்ட்ரைக் என்று தேதி குறித்தார்கள்.

அதற்காக மான்செஸ்டரில் நடந்த கூட்டத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஓர் இளைஞர் எழுந்து, ‘என் அப்பா சுரங்கத்தில் உழைத்து வாங்குவதைவிட நமக்கு அதிகமாகத்தானே கிடைக்கிறது’ என்றாராம். உடனே போல்டன் கிளப்பின் டாமி பேங்க்ஸ் எழுந்து, ‘சுரங்க வேலை கஷ்டம்தான் தம்பி. ஆனா, உங்கப்பா கரி வெட்டுறதைப் பார்க்க முப்பதாயிரம் பேர் காசு கொடுத்து வர்றதில்லையே’ என்கிற மாதிரி போட்டாராம் ஒரு போடு! ஸ்ட்ரைக் நாளுக்குச் சில நாள் முன்பு லீக் பணிந்தது. உச்சவரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாம் தன் காப்டன் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு தர முன்வந்தது.

ஆனால், முதல் பூட்டு அப்படியே தொங்கியது. அதை உடைக்கக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கு ஒரு ஆள் வேண்டும். ஈஸ்ட்ஹாம் தலையாட்டினார். வழக்குச் செலவுக்கு யூனியன் சுமார் 15,000 பவுண்டு ஒதுக்கியது. வாரம் 20 பவுண்டு வாங்கியவர்களின் சங்கத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை, கணக்குப் போட்டுப் பாருங்கள்!

1963-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணை. நீதிபதி யார் தெரியுமா? ரிச்சர்ட் வில்பர்ஃபோர்ஸ். பிரிட்டனின் அடிமை வியாபாரத்தை 1807-ல் ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் எள்ளுப்பேரன்! தங்கள் ஒப்பந்தத்தை ‘அடிமைச் சாசனம்’ என்று ஆட்டக்காரர்கள் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சரித்திரம் செய்த குறும்பு அது.

1963 ஜூலை 4 அன்று தீர்ப்பு. ஒப்பந்தம் முடிந்தவரைப் பிடித்துவைக்கும் விதி, ஒருவர் தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்றார் நீதிபதி. கிளிஃப் லாய்டின் சாட்சியத்தையும் பாராட்டினார். இழந்த வருமானத்துக்காக ஈஸ்ட்ஹாம் கேட்ட பணம் மட்டும் கிடைக்கவில்லை. ஊருக்கு ஜெயம், தனக்குக் கால் காசு இல்லை!

பூட்டு ஒரேயடியாக நொறுங்கிவிடவில்லை. விதி தளர்ந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் ஆட்டக்காரர் தன் விருப்பப்படி கிளப் மாறும் உரிமை 1978-ல்தான் வந்தது. அப்போதும் அவருக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையையும் ஐரோப்பிய நீதிமன்றம் ஒழித்தது 1995-ல், பெல்ஜியத்தின் போஸ்மேன் போட்ட வழக்கில்.

ஈஸ்ட்ஹாம்? 1966-ல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்துக் குழுவில் இருந்தார். ஆனால் ஒரு ஆட்டத்திலும் இறக்கப்படவில்லை. அப்போது இறுதி ஆட்டத்தில் ஆடிய 11 பேருக்கு மட்டும்தான் பதக்கம். 1972-ல், 35 வயதில், வெம்ப்ளியில் செல்சிக்கு எதிராக வெற்றி கோல் போட்டு, ஸ்டோக் சிட்டிக்கு அதன் முதல் பெரிய கோப்பையை வாங்கித் தந்தார். 2009-ல்தான், வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் 1966-ன் பதக்கத்தைக் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில், 88 வயதில் காலமானார்.

அடுத்த முறை டி.வி.யில் ஒரு நட்சத்திரம் கோடிகளில் கிளப் மாறும் செய்தியைப் பார்த்தால், நடுவில் ஒரு நிமிஷம் அந்தத் தக்கை விற்ற ஆளையும் நினைத்துக்கொள்ளுங்கள். தன் காரியம் முடிந்தபிறகும் கோர்ட் வாசலை விட்டுப் போகாமல் நின்றாரே, அதற்காக!